விடியற்காலை மூன்று மணிக் கையெழுத்து

சிங்கப்பூரில் இரண்டு வருடம் கட்டட வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், கற்பனை ஆள்தான். ஆனால் இந்த மாதிரி ஆட்களைத் திருவெறும்பூர், துவாக்குடி, காட்டூர்ப் பக்கம் தேடி அலைய வேண்டியதில்லை. மாடிப்படி பாதி கட்டி நிற்கும் வீட்டைப் பார்த்தாலே, அந்த வீட்டு ஆள் ஒருவர் கடல் தாண்டி இருக்கிறார் என்று புரிந்துவிடும்.

சாங்கி விமான நிலையத்தில் செக்-இன் வரிசையில் நிற்கும்போது, ஒரே டார்மிட்டரியில் இருந்த பழக்கத்தில் ஒருத்தர் பக்கத்தில் வருகிறார். "அண்ணே, தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு இஸ்திரிப் பொட்டி. எனக்கு லக்கேஜ் அதிகமாயிடுச்சு. நீங்க வெளியில வந்ததும் நம்ம பையன் வந்து வாங்கிக்குவான்." இவரும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறார். திருச்சியில் இறங்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. ஸ்கேனரில் அந்த இஸ்திரிப் பெட்டியின் அடிப்பக்கம் இருக்க வேண்டியதைவிடக் கறுப்பாகத் தெரிகிறது. மூன்று மணிக்கு அவர் முன்னால் ஒரு மேஜை. அதன்மேல் எடைத்தராசு, திருகு கழற்றிய இஸ்திரிப் பெட்டி, அதிலிருந்து எடுத்த மஞ்சள் தகடு. பக்கத்தில் இரண்டு சாட்சிகள். கடைசியாக, ஆங்கிலத்தில் டைப் அடித்த எட்டுப் பக்க மகஜர்.

"சார், இதுல என்ன சார் போட்டிருக்கு?"

"உங்ககிட்டேர்ந்து எடுத்த சாமானோட விவரம்தான்ப்பா. தமிழ்ல சொல்றேன். கேட்டுட்டு ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போடுங்க."

அவர் போடுகிறார். வெளியே மனைவியும் பிள்ளையும் காத்திருக்கிறார்கள். போன் மேஜைமேல் அணைந்து கிடக்கிறது. அவர் மனசு எட்டுப் பக்கத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

இந்தக் கதையில் வரும் அதிகாரி பொல்லாதவர் இல்லை. படித்துக் காட்டினார், தண்ணீர் கொடுத்தார், தன் வேலையைச் செய்தார். பயணி நல்லவரா, தெரிந்தே ஏமாற்றுகிற 'குருவி'யா என்பதும் இப்போதைக்கு நமக்குத் தெரியாது. அது தெரியவேண்டிய இடம் அந்த எட்டுப் பக்கமும், அதற்கப்புறம் எழுதப்படும் வாக்குமூலமும்தான். வாக்குமூலத்தில் 'தெரிந்து கொண்டு வந்தேன்' என்று இருக்கிறதா, 'தெரியாமல் கொண்டு வந்தேன்' என்று இருக்கிறதா? இரண்டுக்கும் நடுவில் இருப்பது சிறைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம். சுங்கச் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் தண்டனைக்கே 'தெரிந்தே' என்கிற சொல்தான் ஆணிவேர்.

இந்தத் தாள்களையெல்லாம் கணினிக்கு மாற்றி, பேனாவுக்குப் பதில் மின்கையொப்பம் போட்டால் என்ன என்று கேட்பது நியாயமான கேள்வி. பாஸ்போர்ட் முதல் பால் கார்டு வரை எல்லாம் கணினிக்குப் போனபிறகு மகஜர் மட்டும் ஏன் பிரிண்டரில் வந்து பேனாவுக்குக் காத்திருக்கிறது? பதில் அவ்வளவு சுலபமில்லை.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். சுங்கச் சட்டம் 1962-ஆம் வருடத்தது. அதன் 102-ஆம் பிரிவு, ஒருவரின் உடலைச் சோதனை போடுவதற்கு முன் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சாட்சிகளை அழைக்கச் சொல்கிறது. எடுத்த பொருட்களின் பட்டியலை அதிகாரி தயாரிக்க வேண்டும், சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். சோதனைக்கு உள்ளாகிறவர் விரும்பினால் ஒரு கெசட்டட் சுங்க அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ தன்னை அழைத்துப்போகச் சொல்லலாம். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். 108-ஆம் பிரிவு, கெசட்டட் அதிகாரி சம்மன் கொடுத்து விசாரிக்க இடம் தருகிறது. அந்த விசாரணை நீதிமன்ற நடவடிக்கை மாதிரியே கருதப்படும். அங்கே பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றம்.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது சினிமா பார்ப்பவர்களுக்குக்கூடத் தெரியும். சுங்க அதிகாரியிடம் கொடுத்தால்? செல்லும். சுங்க அதிகாரி போலீஸ் அதிகாரி அல்ல என்று 1968-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போதைப்பொருள் வழக்குகளில் அதிகாரிகளிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 2020 அக்டோபர் 29-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. ஆனால் தங்கத்துக்கு அந்தத் தீர்ப்பு வராது. ஆகவே விடியற்காலை மூன்று மணிக்கு விமான நிலையத்தில் போடுகிற கையெழுத்துக்கு, காவல் நிலையத்தில் போடுகிற கையெழுத்தைவிட எடை அதிகம். இதைத் தெரிந்து கையெழுத்துப் போடுகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

எடை எவ்வளவு என்பதற்குக் கேரளத்து வழக்கு ஒன்று போதும். 1980 டிசம்பரில் ஒருவர் வீட்டைச் சோதித்தார்கள். வீட்டுக்குள் ஒன்றும் கிடைக்கவில்லை. அன்று மாலையே தோட்டத்தைத் தோண்டியபோது மரப்பெட்டி ஒன்றும், அதற்குள் வெளிநாட்டு முத்திரையோடு 200 தங்கக் கட்டிகளும் கிடைத்தன. அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தைப் பின்னால் மறுத்தார், மிரட்டி வாங்கினார்கள் என்றார். கீழ்க்கோர்ட் விடுதலை செய்தது. உயர் நீதிமன்றம் அதை மாற்றித் தண்டித்தது. 1997-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. மறுக்கப்பட்ட வாக்குமூலமாக இருந்தாலும், தானாக மனமுவந்து கொடுத்ததுதான் என்று கோர்ட்டுக்குத் திருப்தி ஏற்பட்டால் அதன்மேல் தண்டிக்கலாம் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். தோண்டியது 1980, முடிந்தது 1997. பதினாறு வருடத்துக்கு மேல் கோர்ட்டுகள் மாறி மாறி அலசியதில் ஒரு கேள்வி, அந்தக் காகிதம் எழுதப்பட்ட நேரத்தில் அந்த அறையில் என்ன நடந்தது என்பது.

மின்கையொப்பத்தால் இதற்குப் பதில் சொல்ல முடியுமா? அதற்கு அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். (கணினி படிக்கும் மாணவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிப் போய்விடலாம்.)

ஒரு மகஜரை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஒவ்வொரு எழுத்தையும் புள்ளியையும் சேர்த்து ஒரு கணக்கில் போட்டு அரைத்தால் ஒரு நீளமான எண் கிடைக்கும். இதை ஹாஷ் என்பார்கள். எட்டுப் பக்க மகஜராக இருந்தாலும் எண்ணூறு பக்கக் கோப்பாக இருந்தாலும் எண்ணின் நீளம் ஒன்றேதான். எஸ்ஹெச்ஏ-256 என்ற முறையில் அது 256 பிட். மகஜரில் தங்கத்தின் எடை 1,234 கிராம் என்று இருப்பதை யாராவது 1,284 என்று மாற்றினால், மாறியது ஒரே இலக்கம்தான். ஹாஷ் எண்ணோ அடையாளமே தெரியாமல் மாறிவிடும். மாவரைத்த பிறகு மாவைப் பார்த்து அரிசியை எண்ண முடியாது என்பதுபோல, எண்ணிலிருந்து மகஜரைத் திரும்பப் பெறவும் முடியாது.

இந்த எண்ணைக் கையெழுத்திடுகிறவர் தன்னுடைய ரகசியச் சாவியால் பூட்டுகிறார். அதற்கு ஜோடியான பொதுச்சாவி எல்லோரிடமும் இருக்கலாம். அதைப் போட்டுத் திறந்து பார்த்து, தாங்களே அரைத்த எண்ணோடு ஒப்பிட்டால், எழுத்து மாறவில்லை, பூட்டியது இன்ன சாவிதான் என்ற இரண்டும் உறுதி. 1976-இல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் யோசனையை வெளியிட்டார்கள். அடுத்த வருடமே ரிவெஸ்ட், ஷமீர், ஏடெல்மன் மூவரும் நடைமுறைக்கு வழி கண்டார்கள். அமெரிக்காவில் யூட்டா மாநிலம் 1995-இல் இதற்குச் சட்டம் போட்டது. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது அதில் 'டிஜிட்டல் கையொப்பம்' மட்டும். 2008-இல் திருத்தி, 2009 அக்டோபர் முதல் 'மின்னணுக் கையொப்பம்' என்ற பெரிய குடையை விரித்தார்கள்.

சுங்கத் துறை கணினிக்குப் புதிது அல்ல. சிங்கப்பூரில் டிரேட்நெட் 1989-இல் வந்தது. இந்தியச் சுங்கத்தின் இடிஐ முறை டெல்லியில் 1995-இல் தொடங்கியது. அப்புறம் ஐஸ்கேட் தளம் வந்தது. இறக்குமதியாளர்கள் டிஜிட்டல் கையொப்பத்தோடு ஆவணங்களைத் தாக்கல் செய்தார்கள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றும் இ-சஞ்சித் 2018-இல் வந்தது. 2020 ஜூனில், கொரோனா நேரத்தில், நாடு முழுவதும் 500-க்கு மேற்பட்ட ஜிஎஸ்டி, சுங்க அலுவலகங்களில் இ-ஆபீஸ் தொடங்கப்பட்டது. அதே மாதம் சென்னையிலும் பெங்களூரிலும் முகமற்ற மதிப்பீடு வந்தது. எந்த அதிகாரி பார்க்கிறார் என்றே இறக்குமதியாளருக்குத் தெரியாது.

ஆக, ஒரு கன்டெய்னர் காகிதமே இல்லாமல் ஊருக்குள் வந்துவிட முடியும். ஒரு இஸ்திரிப் பெட்டிக்குத்தான் எட்டுப் பக்கமும் ஏழெட்டுப் பேனாக் கையெழுத்தும் வேண்டியிருக்கிறது. இது வேடிக்கையாகத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. கன்டெய்னரின் சொந்தக்காரர் கையெழுத்துப் போட விரும்புகிறவர். போட்டால் சரக்கு கைக்கு வரும். மகஜரில் போடுகிறவர் போட விரும்பாதவர். வியாபாரத்துக்குச் செய்த சட்டையை அமலாக்கத்துக்கு அப்படியே மாட்டிவிட முடியாதது இதனால்தான்.

விரும்பிப் போடுகிற இடத்திலேயே இந்தக் கையொப்பம் படும் பாட்டைத் துவாக்குடிப் பக்கம் பார்க்கலாம். பெல் தொழிற்சாலையை நம்பிச் சுற்றுவட்டாரத்தில் வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் உண்டு. கலால் வரி இருந்த காலத்தில் இவர்களுக்கு ரிஜிஸ்தர், சலான், இன்வாய்ஸ் என்று ஓயாத எழுத்து வேலை. 2015 ஜூலையில் கலால் இன்வாய்ஸையும் பதிவேடுகளையும் டிஜிட்டல் கையொப்பத்தோடு வைத்துக்கொள்ள அனுமதி வந்தது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபிறகு எல்லாம் இணையத்தில். முதலாளி பெயரில் ஒரு யுஎஸ்பி டோக்கன் வாங்குவார்கள். பெரும்பாலான சிறு பட்டறைகளில் அந்த டோக்கன் எங்கே இருக்கும்? ஆடிட்டர் ஆபீஸ் மேஜை டிராயரில். அதன்மேல் ஒட்டிய துண்டுக் காகிதத்தில் பட்டறையின் பெயர். பின் நம்பர் ஆடிட்டரிடம் வேலை பார்க்கும் பையனுக்கு மனப்பாடம். சட்டத்தின் 42-ஆம் பிரிவு ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கத் தகுந்த கவனம் எடுக்க வேண்டும் என்று சொந்தக்காரருக்குச் சொல்கிறது. அவரோ வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அதெல்லாம் ஆடிட்டர் பாத்துக்குவாரு தம்பி" என்பார். கணிதம் சத்தியமாகச் சொல்வது 'இந்தச் சாவியால் பூட்டப்பட்டது' என்பதை மட்டுமே. சாவியைத் திருப்பிய கை யாருடையது என்பதை அது சொல்லவில்லை.

இப்போது மறுபடி அந்த மேஜைக்கு வருவோம். பயணியிடம் டோக்கன் இருக்காது. அவருக்கு இருக்கிற ஒரே வழி ஆதார் மூலம் போடும் இ-சைன். 2015-இல் இதற்கு விதிகள் வந்தன. ஆதார் எண் கொடுத்தால் பதிவு செய்த செல்போனுக்கு ஒடிபி வரும். அதை அடித்தால் அந்த ஒரு கையெழுத்துக்காக மட்டும் ஒரு சாவி உருவாகி, பூட்டிவிட்டு, அழிந்துபோகும். சான்றிதழின் ஆயுள் அரை மணி நேரம். அழகான ஏற்பாடு. வீட்டில் உட்கார்ந்து வங்கிக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட இதைவிட வசதி கிடையாது.

ஆனால் மூன்று மணிக்கு அந்த ஒடிபி எந்தப் போனுக்கு வரும்? அந்தப் போன் இப்போது யார் கையில் இருக்கிறது? போன் என்பது இந்த வகை வழக்கில் முதலில் எடுத்து வைக்கப்படும் சாட்சியம். அதை விசாரிக்கிறவரே பிடித்துக்கொண்டு, வந்த ஆறு இலக்கத்தைப் பார்த்து அடித்தாலும் சான்றிதழில் பயணியின் பெயர்தான் விழும். பேனாக் கையெழுத்தையாவது நடுங்குகிறதா, வழக்கமான சுழி இருக்கிறதா என்று நிபுணர் ஒருவர் பார்த்துச் சொல்லலாம். ஒடிபியில் கை நடுங்காது. இன்னொரு சங்கடம், சிங்கப்பூர் சிம்மிலேயே இரண்டு வருடம் காலம் தள்ளியவரின் ஆதாரில் இருக்கும் பழைய எண் ரீசார்ஜ் இல்லாமல் என்றைக்கோ செத்திருக்கும். விரல்ரேகை வைக்கலாமே என்றால், சிமெண்டிலும் கம்பியிலும் தேய்ந்த விரல்களை இயந்திரம் ஒத்துக்கொள்ளாமல் போவது ரேஷன் கடையிலேயே பார்க்கிற காட்சி. கொழும்பிலிருந்து வரும் பயணிக்கு ஆதாரே கிடையாது. ஆகவே பயணியும் சாட்சியும் போடும் கையெழுத்தை மின்மயமாக்குவதுதான் முதல் வேலை என்று யாராவது சொன்னால், அவர்கள் அந்த மேஜையின் பயணிப் பக்கம் ஒருநாளும் உட்கார்ந்திராதவர்கள்.

அதிகாரியின் கையெழுத்து வேறு கதை. அங்கே மின்கையொப்பம் எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு நல்லது.

ஏனென்று கேட்டால், காகிதத்தில் தேதி என்பது எழுதுகிறவர் விருப்பம். சுங்கச் சட்டம் 110(2) ஒரு கடிகாரத்தை ஓட விடுகிறது. பொருளைக் கைப்பற்றி ஆறு மாதத்துக்குள் காரணம் கேட்கும் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் பொருளைத் திருப்பித் தர வேண்டும். கமிஷனர் காரணத்தை எழுதிவைத்து, சம்பந்தப்பட்டவருக்கும் தெரிவித்து, இன்னொரு ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். இந்த மாதிரிக் கெடு வைத்த எந்த அரசு ஆபீஸிலும், கடைசி நாள் தாண்டியபின் முந்தின தேதி போட்டு டெஸ்பாட்ச் ரிஜிஸ்தரில் இரண்டு வரிக்கு நடுவில் நுழைக்கும் ஆசை யாருக்காவது வரலாம். நேரமுத்திரையோடு போட்ட மின்கையொப்பத்தில் இந்த ஆசைக்கு இடமில்லை. நோட்டீஸை மின்னஞ்சலில் அனுப்பவும் 2018-இல் சட்டத்தின் 153-ஆம் பிரிவைத் திருத்தி வழி செய்தார்கள். போய்ச் சேர்ந்ததா இல்லையா என்ற தபால்காரர் சண்டையும் ஓரளவு ஓய்ந்தது.

இந்த வரிசையில் உண்மையான மாற்றம் என்றால் 2019 நவம்பர் 8-ஆம் தேதியைச் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து மறைமுக வரிகள், சுங்க வாரியத்தின்கீழ் உள்ள அதிகாரிகள் கொடுக்கும் சோதனை உத்தரவு, சம்மன், கைது மெமோ, விசாரணைக் கடிதம் எல்லாவற்றிலும் கணினி தரும் ஆவண அடையாள எண் இருந்தாக வேண்டும். டின் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். இருபது இடங்கள் கொண்ட எண். வருடமும் மாதமும் அதற்குள்ளேயே இருக்கும். அடுத்த மாதமே இது மற்றக் கடிதங்களுக்கும் விரிந்தது. எண் இல்லாத கடிதம் கொடுக்கப்படாததாகவே கருதப்படும் என்று சுற்றறிக்கை சொன்னது. அவசரத்தில் எண் இல்லாமல் கொடுக்க நேர்ந்தால் காரணத்தைக் கோப்பில் எழுதிவைத்து, 15 வேலை நாட்களுக்குள் முறைப்படுத்த வேண்டும். சம்மன் வாங்கியவர் வாரியத்தின் தளத்தில் எண்ணை அடித்து, இது நிஜமா போலியா என்று தானே பார்த்துக்கொள்ளலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, பயணி கையெழுத்துப் போடும் முறை எதுவும் மாறவில்லை. மாறியது அரசாங்கத்தின் பக்கம். 'உன்னை விசாரணைக்குக் கூப்பிடுகிறேன்' என்று ஒரு காகிதத்தைக் காட்டி மிரட்ட எந்தப் போலி ஆசாமிக்கும், எந்த நிஜ ஆசாமிக்கும் இனி அவ்வளவு சுலபமில்லை. சுங்க அதிகாரி என்று சொல்லி, பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்று போனில் மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் பெருகியிருக்கும் நாளில், இந்த எண் ஒன்றே பலரைக் காப்பாற்றக்கூடியது. தெரிந்தவர்கள்தான் குறைவு.

இந்த இடத்தில் திருவெறும்பூர் மலைக்கோயிலுக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம். தேவர்கள் எறும்பு உருவில் வந்து வழிபட்டார்கள் என்று சொல்லப்படும் எறும்பீசுவரர் கோயில். சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பொதுவாகத் தமிழ்க் கல்வெட்டுகளின் கடைசியில், 'இவை என் எழுத்து' என்று பெயரோடு முடிப்பது வழக்கம். எழுதத் தெரியாதவர் தற்குறி போடுவார். இன்றைக்கு அது வசவு. அன்றைக்கு அது தன் பெயருக்குப் பதிலாகத் தானே இட்ட குறி. அந்தக் குறி இன்னாருடையதுதான் என்று எழுதத் தெரிந்த ஒருவர் உறுதி சொல்வார். அதற்குத் தற்குறி மாட்டெறிதல் என்று பெயர். சான்றளிக்கும் நிறுவனம் என்று இன்று யுஎஸ்பி டோக்கன் விற்கிறவர்கள் செய்யும் வேலை இதுவேதான். ஒரு வித்தியாசம். மாட்டெறிந்தவர் அந்த இடத்தில் உட்கார்ந்து, குறி போட்ட கையைக் கண்ணால் பார்த்தவர்.

கண்ணால் பார்ப்பதற்குச் சட்டம் இப்போது கேமராவைத் தேடிப் போகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, இடங்களைச் சோதித்துப் பொருளைக் கைப்பற்றும்போது பட்டியல் தயாரிப்பதும் சாட்சிகள் கையெழுத்திடுவதும் உட்பட எல்லாவற்றையும் வீடியோவில் பதியச் சொல்கிறது. செல்போன் போதும் என்கிறது. அதற்கு முன்பே, 2020 டிசம்பர் 2-இல் உச்ச நீதிமன்றம், விசாரித்துக் கைது செய்யும் அதிகாரமுள்ள மத்திய அமைப்புகளின் அலுவலகங்களில் சிசிடிவி வைக்க உத்தரவிட்டபோது, வருவாய்ப் புலனாய்வு இயக்ககத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2025 பிப்ரவரி 27-இல், சுங்க அதிகாரிகள் போலீஸ் இல்லை என்பதை மறுபடி சொன்ன அதே நீதிமன்றம், கைது நேரம், கைப்பற்றிய விவரம், வாக்குமூலம் எல்லாவற்றுக்கும் பதிவேடு வைத்தே தீர வேண்டும் என்றும் சொல்லிவிட்டது.

மின் ஆவணத்துக்குக் கோர்ட்டில் இன்னொரு வாசல்படி உண்டு. கணினிப் பிரதியைச் சாட்சியமாக ஏற்க, அது எந்த இயந்திரத்தில் எப்படி உண்டானது என்று ஒரு சான்று வேண்டும். சுங்கச் சட்டத்தில் இது 138சி. புதிய சாட்சியச் சட்டத்தில் 63-ஆம் பிரிவு. அந்தச் சான்றின் படிவத்தில் ஹாஷ் எண்ணையே எழுதச் சொல்லியிருக்கிறார்கள், நல்ல முன்னேற்றம். ஆனால் தேர்ந்தெடுக்கக் கொடுத்த முறைகளில் எம்டி5-ம் எஸ்ஹெச்ஏ-1-ம் இருக்கின்றன. முன்னதை 2004-லும் பின்னதை 2017-லும் உடைத்துக் காட்டிவிட்டார்கள். 2023-இல் எழுதிய சட்டத்தில் உடைந்த பூட்டு இரண்டையும் கடையில் விற்பனைக்கு வைத்தது ஏனோ!

2025 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு ஒன்று இந்த விஷயத்தின் வேடிக்கையை முழுதாகக் காட்டும். இறக்குமதி வழக்கு ஒன்றில், கணினிகளிலிருந்து எடுத்த ஆவணங்களுக்கு 138சி கேட்கும் சான்று முறைப்படி இல்லை. தீர்ப்பாயம் ஆவணங்களை ஒதுக்கிவிட்டது. உச்ச நீதிமன்றம் ஒதுக்கவில்லை. ஆவணங்களை எடுத்தபோது எழுதிய நடவடிக்கைக் குறிப்பில் சம்பந்தப்பட்டவர்களே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், வாக்குமூலத்திலும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அதுவே போதும் என்றது. மின்னணுச் சான்று இல்லாத ஓட்டையை அடைத்தது கடைசியில் பேனா மை!

சரி, அந்த ஸ்கேனர் இரவுக்கு எது உதவும்? மகஜரைத் தமிழில் எழுதலாம், அல்லது பயணி கேட்கும் மொழியில் பக்கத்திலேயே ஒரு பிரதி கொடுக்கலாம். படித்துக் காட்டுவதைப் பதியலாம். அந்தப் பதிவின் ஹாஷ் எண்ணை மகஜரின் கடைசி வரியாக அச்சடித்து, அதன்கீழ் எல்லோரும் பேனாவால் கையெழுத்துப் போடலாம். உடனே ஸ்கேன் செய்து அதிகாரி தன் டோக்கனால் நேரமுத்திரையோடு பூட்டலாம். பயணிக்குப் பிரதி அங்கேயே, அன்றே. அப்புறம் எடையை மாற்றவும் முடியாது, பக்கத்தைச் சொருகவும் முடியாது, வெற்றுத்தாளில் வாங்கினார்கள் என்று பயணியும் பொய் சொல்ல முடியாது. இதில் எதற்கும் புதுக் கண்டுபிடிப்பு தேவையில்லை. ஒரு செல்போன், ஒரு டோக்கன், இன்னும் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்கத்தான் ஆள் பற்றாக்குறை இடம் தராது என்பார்கள். அடுத்த விமானம் இறங்கியிருக்கும்.

இவ்வளவு பேசியதில் சாட்சிகளை மறந்தாயிற்று. அவர்களில் ஒருவர் டாக்ஸி ஓட்டுகிறவர் என்று வையுங்கள், அவரும் திருவெறும்பூர்க்காரர்தான். சவாரிக்கு நின்றவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். எட்டுப் பக்கத்திலும் போட்டுவிட்டு, விடிந்தபின் வீட்டுக்குப் போய்த் தூங்கினார். நாலைந்து வருடம் கழித்துச் சம்மன் வருகிறது. மனைவி பயந்துபோய், "என்னங்க இது, கோர்ட்டுலேர்ந்து வந்திருக்கு?" என்கிறார். கூண்டில் ஏறுகிறார். வக்கீல் தாளைக் காட்டுகிறார்.

"இது உங்க கையெழுத்துதானா?"

"ஆமாங்க."

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பார்த்துத்தான் போட்டீங்களா?"

"கையெழுத்து என்னுதுதாங்க." கொஞ்சம் யோசிக்கிறார். "அந்த இஸ்திரிப் பொட்டி நீலக் கலருங்க. அது நல்லா ஞாபகம் இருக்கு."